எலியிடம் கேட்க முடியாத கேள்வி

ஹைதராபாத் மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் மியாபூரில் ஏறினால் குகட்பள்ளி நான்காவது நிலையம், எர்ரகட்டா எட்டாவது. இந்த எட்டு நிலையங்களுக்குள் இந்திய மருந்துத் துறையின் வரலாற்றில் பெரும்பகுதி அடங்கிவிடும். மியாபூரில்தான் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 1990-களில் புது மருந்து கண்டுபிடிப்பதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. குகட்பள்ளியை அடுத்த பாலாநகரில் சோவியத் உதவியோடு எழுந்தது ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்தாலை. எர்ரகட்டாவில் இருப்பது அரசு மனநல மருத்துவமனை. சென்னைக்காரருக்குக் கீழ்ப்பாக்கம் என்றதும் எது நினைவுக்கு வருமோ, ஹைதராபாத்காரருக்கு எர்ரகட்டா என்றதும் அதுவே நினைவுக்கு வரும்.

மருந்து பிறக்கும் இடத்துக்கும் நோயாளி காத்திருக்கும் இடத்துக்கும் நடுவே அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. ஆனாலும் எர்ரகட்டாவின் மருந்துச் சீட்டுகளில் எழுதப்படும் குளோர்ப்ரோமசின், ஹாலோபெரிடால், லித்தியம் எல்லாம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் வேறு நாடுகளில் கண்டெடுக்கப்பட்டவை. உலகுக்கே மனநோய் மாத்திரை செய்து அனுப்பும் ஊர், அந்த நோய்க்கு ஒரு புது மருந்தைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு போராடுகிறது?

செய்வதில் இந்த ஊருக்குக் குறையே இல்லை. ஐ.டி.பி.எல்.லில் வேலை பார்த்துத் தொழில் கற்ற கே. அஞ்சி ரெட்டி 1984-இல் டாக்டர் ரெட்டீஸைத் தொடங்கினார். 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டுமே தந்தது. அதனால் வெளிநாட்டு மருந்தை வேறொரு வழியில் செய்யும் வித்தையில் இங்குள்ள வேதியியலாளர்கள் கைதேர்ந்தார்கள். மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்செடின், அதாவது அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் ப்ரோசாக் என்ற பெயரில் விற்ற மருந்து, காப்புரிமையை இழந்தபோது அதன் 40 மில்லிகிராம் கேப்சூலை அமெரிக்கச் சந்தையில் 180 நாள் தனியுரிமையோடு விற்கும் வாய்ப்பு 2001 ஆகஸ்டில் டாக்டர் ரெட்டீஸுக்குக் கிடைத்தது. இந்திய மருந்துத் துறை தலைநிமிர்ந்த நாள்களில் அதுவும் ஒன்று.

உற்பத்தியின் அளவைக் காட்டும் இன்னொரு சான்றும் உண்டு. அது பெருமைக்குரியதல்ல. குகட்பள்ளியைத் தாண்டி நெடுஞ்சாலையில் மேற்கே போனால் படான்செரு. அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பல மருந்தாலைகளின் கழிவுநீர் வந்து சேர்கிறது. அங்கிருந்து வெளியேறும் நீரை ஸ்வீடனைச் சேர்ந்த யோவாகிம் லார்சனின் குழு ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டது. லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததுதான் அப்போது பரவலாகப் பேசப்பட்டது. அதே நீரில், மனச்சோர்வுக்குத் தரப்படும் சிட்டலோப்ராமும் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் அளவில் இருந்தது. ஊரின் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு எட்டாத மருந்து ஊரின் நீரில் ஓடியிருக்கிறது. இதை எழுதும்போதே மனம் கனக்கிறது.

செய்யத் தெரிந்தவர்களுக்குக் கண்டுபிடிப்பது மட்டும் ஏன் கடினம்? இதற்கு விடை தேட மனநோய் மருந்துகள் பிறந்த கதைக்குப் போக வேண்டும். அவற்றில் முதல் தலைமுறையை யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. குளோர்ப்ரோமசின் அறுவைச் சிகிச்சையின்போது நோயாளியை அமைதிப்படுத்தத் தேடிய மருந்து. 1952-இல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் இருவரும் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இப்ரோனியசிட் காசநோய்க்கானது; நியூயார்க்கில் அதை உட்கொண்ட காசநோயாளிகள் காரணமே இல்லாமல் உற்சாகம் அடைந்ததை மருத்துவர்கள் கவனித்தார்கள். மனச்சிதைவுக்கு உதவுமா என்று ஸ்விட்சர்லாந்தின் ரோலண்ட் குன் சோதித்த இமிப்ரமின், மனச்சோர்வுக்கு மருந்தாக முடிந்தது. முதலில் நோயாளியிடம் மாற்றம் தெரிந்தது. அதன் காரணத்தைப் பிறகுதான் மூளையில் தேடினார்கள்.

இந்த வரிசையில் நம் மண்ணின் வேர் ஒன்றுக்கும் இடம் உண்டு. சர்ப்பகந்தா என்று வழங்கும் செடியின் வேர் அது. பித்துக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் அது உதவும் என்று 1931-இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். ஏறத்தாழ அதே சமயத்தில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அந்த வேரிலிருந்து அஜ்மலின் முதலிய ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார். 1949-இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வகீல், ரத்த அழுத்த நோயாளிகளிடம் அந்த வேரின் பலனைப் பிரிட்டன் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகே மேற்கு திரும்பிப் பார்த்தது. ஆனால் வேரின் முக்கியமான மூலக்கூறான ரெசர்பைனை 1952-இல் பிரித்தெடுத்தது ஸ்விட்சர்லாந்தின் சிபா நிறுவனம். 1954-இல் நியூயார்க்கின் ராக்லாண்ட் மருத்துவமனையில் நேதன் கிளைன் அதை மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார்.

மனநோய் மருந்தாக ரெசர்பைன் நீண்ட காலம் நிலைக்கவில்லை, பக்கவிளைவுகள் அதிகம். ஆனால் கருவியாக அது செய்த வேலை பெரிது. அது மூளையில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் செரோட்டோனின், டோபமின் போன்ற வேதிப்பொருள்களைக் காலிசெய்துவிடும். ரெசர்பைன் கொடுக்கப்பட்ட முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் அவற்றுக்கு டோபமினின் முன்பொருளான டோபாவை ஊசியில் ஏற்றினார். முயல்கள் எழுந்து நடமாடின. 1957-இல் வெளியான அந்தச் சோதனையிலிருந்துதான் பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சையும், மனநோயை மூளையின் வேதியியலோடு இணைத்துப் பார்க்கும் வழியும் கிளைத்தன. 2000-இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நோயாளியிடம் பலனைக் கண்டவர்கள் இந்தியாவில் இருந்தார்கள்; மூலக்கூறும் கோட்பாடும் வெளியே உருவாயின. இதை ஏமாற்றமாகச் சொல்லவில்லை. மருத்துவரும் வேதியியலாளரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யாத நாட்டில் இப்படித்தான் நடக்கும்.

2005-இல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை என்று இந்தியச் சட்டம் மாறியது. இனி நகலெடுத்து மட்டும் காலம் தள்ள முடியாது. அந்தக் காலகட்டத்தில் மூளை நோய்களை மட்டுமே குறிவைத்துப் புது மூலக்கூறுகளைத் தேடத் துணிந்த நிறுவனம் ஹைதராபாத்தின் சுவென் லைஃப் சயின்சஸ். வெங்கடேஸ்வரலு ஜாஸ்தி நிறுவியது. மற்ற நிறுவனங்களுக்கு மூலப்பொருள் செய்துகொடுத்து வந்த வருமானத்தை ஆராய்ச்சியில் போட்டார்கள். புற்றுநோய், சர்க்கரை நோய் என்று எளிதாக முதலீடு கிடைக்கும் துறைகளை விட்டு மூளையைத் தேர்ந்தெடுத்தது இந்தியாவில் அன்று அபூர்வம், இன்றும் அபூர்வம்தான்.

அவர்கள் எடுத்த இலக்குகளில் ஒன்று செரோட்டோனின் 6 என்ற ஏற்பி. ஏற்பி என்பது நரம்பணுவின் மேற்பரப்பில் இருக்கும் புரதம். வேதிச் செய்தி வந்து ஒட்டும் இடம். செரோட்டோனினுக்கு மட்டுமே பதினான்கு வகை ஏற்பிகள் உண்டு. குடல், ரத்தக்குழாய், மூளை என்று பல இடங்களில் பரவிக் கிடக்கின்றன. 1993-இல் அடையாளம் காணப்பட்ட ஆறாவது வகையோ ஏறக்குறைய மூளையில் மட்டுமே இருக்கிறது. அதை அடைத்தால் நினைவாற்றலுக்குத் தேவையான அசெட்டைல்கோலின் கூடுதலாகச் சுரக்கிறது. உடம்பின் மற்ற பாகங்களைத் தொந்தரவு செய்யாமல் நினைவை மட்டும் தூண்டலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து பிறந்தது.

ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளிலிருந்து ஒன்றுக்கு வருவது எப்படி? முதலில் கண்ணாடிக் குழியில் ஏற்பியோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். ஒட்டினால் மட்டும் போதாது, மற்ற ஏற்பிகளோடு ஒட்டக் கூடாது. வாய் வழியாகக் கொடுத்தால் குடலையும் கல்லீரலையும் தாண்டி ரத்தத்துக்கு வர வேண்டும். பிறகு மூளையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்ச் சுவரைக் கடக்க வேண்டும். மூளைக்குள் போன மூலக்கூறைப் பிடித்து வெளியே தள்ளும் புரதங்கள் அந்தச் சுவரிலேயே இருக்கின்றன. இதயத்தின் மின்துடிப்பைக் குலைக்குமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மூலக்கூறுகள் இந்த இடங்களிலேயே கழிந்துவிடும்.

தப்பித்தது எலிக்குப் போகும். எலியின் மூளைக்குள் மிக மெல்லிய ஒரு குழாயைப் பொருத்துவார்கள். அதன் நுனியில் ஊடுருவும் சவ்வு. உப்புநீரை மெல்ல உள்ளே செலுத்தி வெளியே எடுத்தால், மூளையின் அந்தப் பகுதியில் சுரக்கும் அசெட்டைல்கோலின் அந்த நீரில் கலந்து வரும். எலி விழித்து நடமாடிக்கொண்டிருக்கும்போதே, மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் துளித்துளியாகச் சேகரித்து அளப்பார்கள். மருந்து மூளைக்குள் போய்ச் சேர்ந்து வேலை செய்கிறதா என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது.

நினைவுக்கான சோதனை அதைவிட எளிமையானது. ஒரு பெட்டிக்குள் ஒரே மாதிரியான இரண்டு பொருள்களை வைத்து எலியை விடுவார்கள். இரண்டையும் மோந்து பார்க்கும். மறுநாள் அதில் ஒன்றை எடுத்துவிட்டுப் புதிய பொருளை வைப்பார்கள். எலிக்குப் புதியதன் மேல்தான் ஆர்வம். நேற்றைய பொருள் நினைவிருந்தால் புதியதையே அதிக நேரம் மோந்துகொண்டிருக்கும். மறந்திருந்தால் இரண்டிடமும் சமமாக நேரம் செலவிடும். இருபத்து நான்கு மணி நேரம் கழிந்தால் சாதாரண எலி மறந்துவிடும். மருந்து கொடுத்த எலி மறக்கவில்லை என்றால், அந்தச் சில விநாடி வித்தியாசம்தான் கோடிக்கணக்கான ரூபாய் முதலீட்டுக்கு அடிப்படை.

செரோட்டோனின் 6 ஏற்பியை அடைக்கச் சுவென் உருவாக்கிய மசுபிர்டின் என்ற மூலக்கூறு இவை எல்லாவற்றையும் தாண்டியது. விலங்குகளில் நச்சுத்தன்மைச் சோதனை, பிறகு ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் முதல் கட்டம், அடுத்து இரண்டாம் கட்டம். அமெரிக்க மருத்துவ மையங்களில் அல்சைமர் என்ற மறதி நோய் மிதமாக இருந்த 564 பேர் சேர்க்கப்பட்டார்கள். எல்லாரும் ஏற்கெனவே டோனெபெசில், மெமன்டின் என்ற அல்சைமர் மருந்துகள் இரண்டையும் உட்கொண்டு வந்தவர்கள். மூன்று குழுக்கள்: ஒன்றுக்கு 50 மில்லிகிராம் மசுபிர்டின், இன்னொன்றுக்கு 100 மில்லிகிராம், மூன்றாவதற்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 26 வாரம். அறிவாற்றலை அளக்கும் ஒரு வினாத்தாளில் மதிப்பெண் எப்படி மாறுகிறது என்பதே முக்கிய அளவுகோல். 2019 நவம்பரில் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

இந்தத் தோல்வி அவர்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இதே ஏற்பியைக் குறிவைத்த டென்மார்க்கின் லுண்ட்பெக் நிறுவனத்து இடலோபிர்டின், 2,500 பேருக்கும் மேல் பங்கேற்ற மூன்று பெரிய ஆய்வுகளில் தோற்றது. ஆக்சோவன்ட் நிறுவனத்தின் இன்டெபிர்டின் 2017-இல் தோற்றது. எலிகளில் இந்த மூன்று மருந்துகளும் வேலை செய்தன.

மனநோய் ஆராய்ச்சியின் முட்டுக்கட்டை இங்கேதான் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு ரத்தச் சர்க்கரை இருக்கிறது. எலிக்கும் மனிதனுக்கும் ஒரே அளவுகோல். மனச்சோர்வுக்கு அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. எலியை ஒரு கண்ணாடி உருளைத் தண்ணீரில் விட்டு, நீந்துவதை எவ்வளவு நேரத்தில் நிறுத்துகிறது என்று பார்க்கும் சோதனையை 1977-இல் போர்சோல்ட் என்பவர் அறிமுகப்படுத்தினார். மனச்சோர்வு மருந்து கொடுத்தால் எலி அதிக நேரம் நீந்தும். ஆனால் எலியிடம் அந்த விளைவு சிறிது நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது. மனிதருக்கோ அதே மருந்து வேலை செய்யப் பல வாரங்கள் ஆகின்றன. அப்படியானால் அந்தத் தண்ணீரில் நாம் அளப்பது மனச்சோர்வைத்தானா? ‘உனக்கு எப்படி இருக்கிறது?’ என்று எலியிடம் கேட்க முடியாது. மனிதரிடம் கேட்கலாம். கேட்டுத்தான் 1960-இல் மேக்ஸ் ஹாமில்டன் தூக்கம், குற்ற உணர்வு, வேலையில் நாட்டம் என்று மதிப்பெண் போடும் அளவுகோலை உருவாக்கினார். அதிலும் ஒரு சிக்கல்: மனச்சோர்வு ஆய்வுகளில் வெற்று மாத்திரை பெற்றவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தேறிவிடுகிறார்கள். வாரந்தோறும் ஒருவர் அக்கறையோடு உட்கார்ந்து விசாரிப்பதே மருந்தாகிவிடுகிறது. அதைத் தாண்டி ஒரு மூலக்கூறு தன் பலனை நிரூபித்தாக வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் களைத்துப்போய் ஒதுங்கியதில் வியப்பில்லை. கிளாக்சோவும் ஆஸ்ட்ராசெனகாவும் 2010-இல் மனநோய் ஆராய்ச்சியைச் சுருக்கின; ஃபைசர் 2018 தொடக்கத்தில் நரம்பியல் மருந்துத் தேடலையே நிறுத்தியது. சுவென் நிறுத்தவில்லை. லாபம் தரும் உற்பத்தித் தொழிலை 2020-இல் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டு, ஆராய்ச்சியைத் தனியே தொடர்ந்தது. மனச்சோர்வுக்கான ரோபனிகன்ட், பகலில் தூக்கம் அழுத்தும் நார்கோலெப்சிக்கான சமெலிசன்ட் இரண்டும் நோயாளிகளிடம் சோதிக்கும் கட்டத்துக்கு வந்தன.

மசுபிர்டினையும் கைவிடவில்லை. தோற்ற ஆய்வின் தரவுகளை மறுபடி பார்த்தபோது, தொடக்கத்தில் படபடப்பும் ஆத்திரமும் இருந்த நோயாளிகளிடம் அவை குறைந்திருந்தது தெரிந்தது. இங்கே ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். முடிவு தெரிந்த பிறகு தரவுக்குள் தேடினால் எதையாவது காணலாம். அது சான்று ஆகாது. அடுத்த கேள்விக்கு ஒரு காரணம் மட்டுமே. அவர்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, படபடப்பையே இலக்காக வைத்து மூன்றாம் கட்ட ஆய்வை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொடங்கினார்கள். தேவையும் உண்மையானது. மறதி நோய் உள்ள பெரியவர் இரவெல்லாம் தூங்காமல் கத்துவதையும், பார்த்துக்கொள்ளும் மகளையே அடிப்பதையும் சமாளிக்கும் குடும்பங்களுக்கு, மறதியைவிட அதுதான் தாங்க முடியாத பாரம். இதற்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து பிரெக்ஸ்பிப்ரசோல், அதுவும் 2023-இல்தான். முதியவர்களுக்கு உயிராபத்து கூடும் என்ற எச்சரிக்கையோடு விற்கப்படும் வகையைச் சேர்ந்தது.

விடாமுயற்சிக்குப் பலன் உண்டு என்பதற்குச் சமீபத்திய உதாரணம் சனோமெலின். 1990-களில் எலி லில்லி அல்சைமருக்குச் சோதித்து, வாந்தியும் வயிற்றுக் கோளாறும் தாங்காமல் ஒதுக்கிய மூலக்கூறு. மூளைக்குள் போகாமல் உடம்பில் மட்டும் அதன் விளைவைத் தடுக்கும் ட்ரோஸ்பியம் என்ற பழைய மருந்தை அதோடு சேர்த்தார்கள். 2024 செப்டம்பரில் மனச்சிதைவுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. டோபமின் ஏற்பிக்குப் பதிலாக அசெட்டைல்கோலின் ஏற்பியைக் குறிவைத்து அனுமதி பெற்ற முதல் மனச்சிதைவு மருந்து அது.

இப்போது திரும்ப எர்ரகட்டாவுக்கு வருவோம். ஹைதராபாத்தில் பிறந்த மூலக்கூறு அமெரிக்க நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. அமெரிக்க அனுமதிதான் பணம் தரும் என்பதால் அது இயல்பு. ஆனால் நம் நோயாளிகளின் உடம்பு வேறு. சிட்டலோப்ராமைச் சிதைக்கும் ஒரு கல்லீரல் நொதி மந்தமாக வேலை செய்பவர்கள், ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் அதிகம். அந்த நொதி மந்தமாக உள்ளவர்களுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்க மருந்து ஆணையமே 2012-இல் அறிவுறுத்தியது. இங்கே சோதிக்காத மருந்தை இங்கே கொடுப்பது அளவு தெரியாமல் கொடுப்பதுதான். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல் ஏதோ ஒரு மனநலப் பாதிப்போடு வாழ்கிறார்கள். சிகிச்சை எட்டாதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை. நோயாளிக்கும் பஞ்சமில்லை, வேதியியலாளருக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் நம்பிக்கைக்குத்தான்.

அந்த நம்பிக்கை குலைந்ததற்குக் காரணமும் உண்டு. குண்டூர் மாவட்டத்தின் ஏழைப் பெண்கள் சிலரைப் பணம் காட்டி அழைத்துவந்து ஹைதராபாத்தில் மருந்துச் சோதனையில் சேர்த்ததாக 2011-இல் வெளியான செய்தி அன்றைய ஆந்திரப் பிரதேசத்தையே உலுக்கியது. அதன் பிறகு சட்டம் இறுகியது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் கட்டாயம். புதிய மூலக்கூறுகளை எளிதில் வற்புறுத்தப்படக்கூடியவர்களிடம் சோதித்தால், அவர்களிடம் சம்மதம் பெறுவதை ஒலி, ஒளியோடு பதிவுசெய்ய வேண்டும். மனநோயாளியின் சம்மதம் இதில் இன்னும் நுட்பமானது. நோயின் உச்சத்தில் இருக்கும் ஒருவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பதை அவருக்குப் புரியும் மொழியில், புரியும் வரை விளக்க மருத்துவர் கடமைப்பட்டவர்.

எலி சொல்ல முடியாததை நோயாளிதான் சொல்ல வேண்டும். அவர் சொல்வதற்கு முன் சில கேள்விகளை அவரோ குடும்பத்தாரோ கேட்டாக வேண்டும். உங்கள் வீட்டில் ஒருவரை மனநல மருந்து ஆய்வில் சேரச் சொன்னால் பயந்து ஓட வேண்டாம், கண்ணை மூடிக் கையெழுத்தும் போட வேண்டாம். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அந்த ஆய்வின் எண் என்ன, எந்த நெறிமுறைக் குழு அனுமதி தந்தது, வெற்று மாத்திரை கிடைக்க வாய்ப்பு எவ்வளவு, இப்போது எடுக்கும் மருந்தை நிறுத்தச் சொல்வார்களா, பாதிப்பு வந்தால் நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது என்று கேளுங்கள். எந்த நாளிலும், எந்தக் காரணமும் சொல்லாமல் விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவர் என்றால் யோசித்து முடிவெடுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.